பொங்கப்பானையும் எங்க சபை அங்கிள்மாரும்

காலையில பசியாற உட்கார்ந்தா போன் கத்துது. சபை வாட்சாப் குரூப்ல ஒரு வாய்ஸ் மெசேஜ்.

(ஒரு நிமிஷத்துக்கு மேல ஓடுற வாய்ஸ் மெசேஜைச் சட்டம் போட்டுத் தடுக்கணும்னு ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு இருக்கேன். யார் கேக்குறா?)

தமிழ்நாட்டு ஊழியக்காரர் யாரோ பேசினது. பொங்கப்பானை வைக்கிறது சூரியனைக் கும்பிடுறதாம். கோலம் போட்டா பிசாசுக்கு வாசல் திறந்து விடுறதாம். உறுமி அடிச்சா என்ன வரும்னு அவர் சொன்னதை நான் இங்க எழுதலை, பிள்ளைங்க படிப்பாங்க. அனுப்பினவர் எங்க சபை மூப்பர்கள்ல ஒருத்தர். கீழ ஒரே ஒரு வரி: "வாலிபர்கள் கவனத்துக்கு."

விஷயம் என்னன்னா, எங்க வாலிபர் கூட்டப் பசங்க இந்த வருஷம் சபை வாசல்ல பொங்கல் வைக்கிறோம்னு அறிவிச்சிருந்தாங்க. உறுமியோட.

அன்னிக்கு என் தோசை ஆறிப்போச்சு. அந்தக் கோவத்துலதான் இந்தப் பதிவு.

எங்க ஊர் மலேசியாவுல சுங்கை காடுட். தெரியாதவங்களுக்கு: சிரம்பானுக்குத் தெற்க, செனாவாங்கை ஒட்டி. 2011-ல கம்யூட்டர் ரயில் எங்க ஊர் வரைக்கும் வந்துச்சு. சில வருஷம் அதுதான் கடைசி ஸ்டேஷன், ரயில்ல தூங்கிட்டாலும் பயமில்லை. இப்ப தூங்கினா தம்பின் வரைக்கும் போயிடுவீங்க. ஒரு பக்கம் துவாங்கு ஜாபார் தொழிற்பேட்டை, இன்னொரு பக்கம் தாமான் வீடுங்க, இடையில மிச்சம் மீதி செம்பனை. தாத்தா பாட்டி சுத்துவட்டாரத் தோட்டங்கள்ல பால் மரம் சீவினவங்க. அப்பா அம்மா தாமான்ல வீடு வாங்கினவங்க. நாங்க ஃபேக்டரி. எங்களுக்கு அடுத்தது கோலாலம்பூர், சிங்கப்பூர், இல்லைன்னா ஞாயித்துக்கிழமை காலையிலயும் கிராப் ஓட்டுறது.

எங்க சபை ஒரு கடைவீட்டு மாடியில. கீழ டயர் கடை. (பிரசங்கம் உச்சத்துக்குப் போறப்ப கீழ காத்தடிக்கிற மெஷின் புஸ்ஸுங்கும். ஆமென் சொல்றது எங்க பழக்கம்.)

மலேசியாவுல தமிழ்க் கிறிஸ்தவனா இருக்கிறது கொஞ்சம் விசித்திரமான பிழைப்பு. 2010 கணக்கெடுப்புப்படி நாட்டுல இருக்கிற இந்தியர்கள்ல நூத்துக்கு ஆறு பேர்தான் கிறிஸ்தவங்க. எண்பத்தாறு பேர் இந்துக்கள். அதனால "இந்தியர்"னா இந்துன்னு எல்லாரும் முடிவே பண்ணியாச்சு. ஆபீஸ்ல தீபாவளிக்கு எனக்கு முறுக்கு டின் வரும். "நான் கிறிஸ்டியன்"னு சொன்னா, "அப்ப நீங்க இந்தியர் இல்லையா?"னு ஒரு முழி. டின்னைத் திருப்பிக் கேட்டுருவாங்களோன்னு நான் அதுக்கு மேல விளக்குறதில்லை.

சபைக்கு வந்தா அதே கேள்வி மறு பக்கத்துலேருந்து. "கிறிஸ்டியனா இருந்துக்கிட்டு எதுக்கு இவ்வளவு தமிழ்க் கலாசாரம்?"

2020 ஜனவரி ஞாபகம் இருக்கா? பொங்கலுக்கு ஓரிரண்டு நாளுக்கு முன்னால, பொங்கல் இந்து சமய விழா, முஸ்லிம் மாணவர்கள் கலந்துக்கக் கூடாதுன்னு கல்வியமைச்சுலேருந்து ஒரு கடிதம் வெளிய வந்து பெரிய சர்ச்சை ஆச்சு. இது அறுவடை விழா, பண்பாட்டு விழான்னு அமைச்சர் வேதமூர்த்தி விளக்கம் கொடுத்தாரு. பேப்பர்லயும் ஃபேஸ்புக்லயும் இந்துக்களும் முஸ்லிம்களும் பேசினாங்க, அதிகாரிகள் பேசினாங்க. எங்களை யாரும் கேக்கலை. வருஷா வருஷம் பொங்கல் திருப்பலி வைக்கிற கத்தோலிக்கக் கோயில்கள் இந்த நாட்டுல எத்தனையோ இருக்கு. ஒரு மைக் அந்தப் பக்கமும் போயிருக்கலாம்.

எங்க பசங்களுக்கு அந்த வருஷம்தான் பொறி தட்டிச்சு. அப்ப அவங்க ஃபார்ம் த்ரீ, ஃபார்ம் ஃபோர். "அக்கா, பொங்கல் இந்துக்களோடதுன்னு கவர்மெண்டும் சொல்லுது, நம்ம மூப்பரும் சொல்றாரு. ரெண்டு பேரும் ஒத்துப்போற விஷயம் இந்த நாட்டுல வேற ஏதாவது இருக்கா?"

சிரிச்சேன். ஆனா அது நல்ல கேள்விதான்.

என் பாட்டி லயத்துல இருந்த காலத்துல இந்தச் சண்டையே இல்லை. தோட்டத்துக்கு ஒரு மாரியம்மன் கோயில், கிறிஸ்தவ வீடு நாலஞ்சு இருந்தாலே அதிகம். ஆடியில கூழ் ஊத்தினா பாட்டி செம்பைத் தூக்கிட்டுப் போய் வாங்கிட்டு வரும். கிறிஸ்மஸுக்கு எதிர் லயத்துக்கு அதிரசத் தட்டு போகும், காலித் தட்டு திரும்பி வராது, அதுல ஒரு கை சீனியாவது வரும். பாட்டி நெத்தியில பொட்டு இல்லை, ஆனா தலையில பூ இல்லாம சபைக்குப் போனதே இல்லை.

எழுபதுகளுக்கு அப்புறம் எழுப்புதல் கூட்டங்கள் பெருகின சமயத்துலதான் எங்க பக்கமெல்லாம் கோடு தடிமனாச்சு. பூ போச்சு. வளையல் போச்சு. சில வீடுகள்ல தாலியே போச்சு, பதிலா மோதிரம். அம்மா தலைமுறை அதை விசுவாசத்தோடதான் செஞ்சாங்க, நான் கேலி பண்ணலை. குடிச்சு அழிஞ்ச எத்தனையோ குடும்பத்தை அந்தக் கண்டிப்புதான் தூக்கி நிறுத்திச்சு. அதையும் கண்ணால பார்த்திருக்கேன்.

சரி, இந்த வாய்ஸ் மெசேஜுக்குப் பதில் சொல்லணும்னு கொஞ்சம் சரித்திரத்தைத் தோண்டினேன். (ராத்திரி தூக்கம் போனதுதான் மிச்சம்னு நினைச்சேன். இல்லை, நல்ல சரக்கு கிடைச்சுது.)

1606-ல மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலியைக் கேள்விப்பட்டிருப்பீங்க. காவி கட்டிக்கிட்டு, சந்தனம் பூசிக்கிட்டு, சைவச் சாப்பாடு சாப்பிட்டு, தமிழ்ல எழுதின இத்தாலிய சாமியார். பூணூல், சந்தனம், குடுமியெல்லாம் வச்சுக்கலாமான்னு பெரிய வழக்கு நடந்து, 1623-ல ரோமாபுரி சரின்னு அனுமதி கொடுத்துச்சு.

அதோட முடியலை. 1703-ல போப்போட தூதரா தூர்னோன்னு ஒருத்தர் புதுச்சேரிக்கு வந்தாரு. 1704-ல ஒரு ஆணை போட்டாரு. அதுல தடை பண்ணின பட்டியலைப் படிச்சப்ப கைத்தட்டிச் சிரிச்சேன், வீட்டுக்காரர் எழுந்துட்டாரு. பிள்ளையார் உருவம் போட்ட தாலி கூடாது. கல்யாணத்துல தேங்காய் உடைக்கிற சடங்கு கூடாது. பொண்ணு பெரிய மனுஷி ஆனா விழா எடுக்கக் கூடாது. சாம்பல் பூசக் கூடாது. அப்புறம், கிறிஸ்தவ வாத்தியக்காரங்க கோயில் விழாவுல வாசிக்கக் கூடாது.

முந்நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, எங்க சபை குரூப்ல ஓடுறது அதே பட்டியல்தான்! நாப்பது வருஷம் இழுத்து, 1744-ல போப் பதினாலாம் ஆசீர்வாதப்பர் கடைசித் தீர்ப்பு சொல்லி அந்த வழக்கை முடிச்சாரு. முடிச்சாருன்னு அவர் நினைச்சிருப்பாரு, பாவம்.

ஆனா அந்த 1704 ஆணையில இன்னொரு வரியும் இருக்கு. அதை யாரும் வாய்ஸ் மெசேஜ்ல அனுப்ப மாட்டாங்க. சாகக் கிடக்கிற பறையர் வீட்டுக்குள்ள போய் குருக்கள் அருட்சாதனம் கொடுக்கணும், வெளிய தூக்கிட்டு வரச் சொல்லக் கூடாதுங்கிறதுதான் அதோட சாரம். அப்படி ஒரு உத்தரவு போட வேண்டியிருந்துச்சுன்னா, அதுவரைக்கும் என்ன நடந்துக்கிட்டு இருந்துச்சுன்னு யோசிச்சுக்குங்க. நோபிலியோட சந்தனத்துக்குப் பின்னால சாதியும் வரிசையில நின்னு உள்ள வந்திருக்கு. பிற்பாடு, பறையருக்குன்னு தனிக் குருக்களை வச்சுச் சமாளிச்சாங்க.

புராட்டஸ்டண்ட்னு நாங்களும் மார்தட்ட முடியாது. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியாரைச் சொல்லாம எங்க பாட்டுப் புஸ்தகத்தைத் திறக்க முடியுமா? 1774-ல பிறந்த மனுஷன். குறவஞ்சியைக் கோயில்லேருந்து எடுத்து 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதின தைரியசாலி. அந்தத் தைரியத்துக்கு நான் அடிமை. ஆனா சாதி பேதம் கூடாது, ஒரே பந்தியில உட்காருங்கன்னு புதுசா வந்த மிஷனரிகள் சொன்னப்ப, அவங்களோட மல்லுக்கு நின்னவரும் அவரேதான். அந்த விஷயத்துல அவர் பக்கம் நிக்க என்னால முடியாது.

இப்ப எங்க சபைக்கு வாங்க.

போன வருஷம் வாலிபர் கூட்டத்துல ஒரு தம்பியும் ஒரு தங்கச்சியும் கல்யாணம் பண்ணிக்க ஆசைப்பட்டாங்க. ரெண்டு பேரும் ஞானஸ்நானம் எடுத்தவங்க, ரெண்டு பேருக்கும் வேலை இருக்கு. பொண்ணு வீட்டுல முதல் கேள்வி என்ன தெரியுமா? "நம்ம ஆளுங்களா?"

நெத்தியில பொட்டு கூடாது, அது அஞ்ஞானம். கோலம் கூடாது. உறுமி கூடவே கூடாது. "நம்ம ஆளுங்களா"ன்னு கேக்கிறது மட்டும் பரிசுத்தமான கேள்வி போல! பொட்டை வாசப்படியில நிறுத்திட்டு, சாதிக்கு முன் வரிசையில நாற்காலி போட்டு உட்கார வச்சிருக்கோம்.

எங்க பசங்க இதைத்தான் தலைகீழாக்குறாங்க. அதனாலதான் அவங்களை எனக்குப் பிடிக்குது. பானையை உள்ள கொண்டு வா, அந்தக் கேள்வியை வெளிய தள்ளு. இதை அவங்க எந்தப் புஸ்தகத்துலேருந்தும் படிக்கலை. அந்தக் கல்யாணம் நடந்து முடிஞ்சுது. எப்படி நடந்துச்சுங்கிறது அவங்க கதை, நான் எழுதக் கூடாது. (பிரியாணி நல்லா இருந்துச்சு. அதை மட்டும் எழுதலாம்.)

இதுல நாங்க முன்னோடியெல்லாம் இல்லை. மதுரை அரசரடியில இருக்கிற தமிழ்நாடு இறையியல் கல்லூரியில தியாபிலஸ் அப்பாவுன்னு ஒரு போதகர் இருந்தாரு. பரட்டை அண்ணன்னு சொன்னாதான் நிறைய பேருக்குத் தெரியும். 2005-ல காலமானாரு. நாட்டுப்புற மெட்டுல, கிராமத்துத் தமிழ்ல ஆராதனை முறையே எழுதினவர். பறையை ஆராதனைக்குள்ள கொண்டு வந்தவர். கர்நாடக சங்கீதக் கீர்த்தனையும் வெள்ளைக்காரன் மெட்டும் உசத்தி, பறை மட்டும் தீட்டான்னு கேட்டவர். 'ஒரு உலை'ன்னு அவர் ஒரு விஷயம் சொல்லுவாராம். எல்லாருக்கும் ஒரே உலை, ஒரே பானைச் சோறு, சேர்ந்து சாப்பிடுறதுதான் சபை. எங்க வாலிபர் கூட்டத்துக்கு இதைச் சொன்னேன். "அக்கா, இதைத்தானே நாங்க செய்யப் போறோம், போஸ்டர்ல போட்டுக்கலாமா"ன்னாங்க. போட்டுட்டாங்க.

பாஸ்டர் என்ன சொன்னாருன்னு கேப்பீங்க. "ஜெபிச்சு முடிவெடுப்போம்"னாரு. எங்க ஊர்ல அதுக்கு 'இல்லை'ன்னு அர்த்தம். ஆனா இந்தத் தடவை மனுஷன் நிஜமாவே ஜெபிச்சிருக்காரு போல. அடுத்த வாரம் உபாகமம் 26-ஐப் பிரசங்கம் பண்ணினாரு. முதற்பலன் கூடையைக் கொண்டு வந்து வைக்கிறப்ப, நாங்க எங்கேருந்து வந்தோம், எகிப்துல எப்படி அடிமை வேலை பார்த்தோம்னு வாய்விட்டுச் சொல்லணும்னு வர்ற அதிகாரம். "பானை வைங்க. ஆனா இதையும் செய்யுங்க"ன்னாரு.

பானை வச்ச கதை தனிக்கூத்து.

சிரம்பான் மார்க்கெட்ல மண்பானை வாங்கியாச்சு, கரும்பு வாங்கியாச்சு. விறகு? "ரப்பர் விறகு கொண்டு வாங்கடா"ன்னேன். சுத்திப் பார்த்தா ரப்பர் எங்க இருக்கு, எல்லாம் செம்பனை. ஒரு தம்பி காய்ஞ்ச செம்பனை மட்டையை இழுத்துட்டு வந்தான். புகை வந்துச்சு பாருங்க, மாடியில ஞாயிறு பள்ளிப் பிள்ளைங்க இருமிக்கிட்டே கீழ ஓடி வந்துச்சுங்க. கடைசியில தொழிற்பேட்டையில வேலை செய்யுற பையன், உடைஞ்ச பேலட் பலகைங்களை லாரியில போட்டுட்டு வந்தான். ஆணி பிடுங்கவே பாதி காலை போச்சு. ஆனா என்னமா எரிஞ்சுது தெரியுமா!

பாலு? பெட்டிப் பால்தான். "பெட்டிப் பால் பொங்குமா?"ன்னு ஒரு ஆன்ட்டிக்குச் சந்தேகம். பொங்கிச்சு. பொங்கினதும் எந்தப் பக்கம் வழியுதுன்னு அந்த ஆன்ட்டியே குனிஞ்சு பார்த்தாங்க. பக்கத்துல இருந்த ஆன்ட்டி முழங்கையால ஒரு இடி. "சகுனமா பாக்குறீங்க?" "இல்லக்கா, அடுப்பு அணையுதான்னு பார்த்தேன்."

கோலம் தார் ரோட்டு மேல. நடுவுல திராட்சைக் கொடி, நெல் கதிர், ஒரு சிலுவை. போட்டவ அக்கவுண்டிங் படிச்ச பொண்ணு, புள்ளிக் கணக்கு தப்பவே இல்லை. டயர் கடை தவுக்கே (முதலாளி) மாண்டரின் ஆரஞ்சு ஒரு பெட்டி தூக்கிட்டு வந்து வச்சுட்டு, அவரும் ஒரு கிண்ணம் பொங்கலோட உட்கார்ந்துட்டாரு.

பால் பொங்கி, அரிசி போடுற நேரத்துலதான் அந்த உபாகமம் 26. பசங்க ஒவ்வொருத்தரா வந்து, ஒரு பிடி அரிசியைப் பானையில போட்டு, தாத்தா பாட்டி எந்தத் தோட்டம்னு சொல்லணும். நான் இதுல பெருசா எதையும் எதிர்பார்க்கலை. கூச்சப்படுவாங்கன்னு நினைச்சேன். முதல் ஆள் "லின்சம்"னான். அடுத்தவ "கொம்போக்". "சுவா பெத்தோங்." "எங்க பாட்டன் ரஜூலா கப்பல்ல வந்தாராம், நாகப்பட்டணத்துலேருந்து, ஊர் பேரு வீட்டுல யாருக்கும் தெரியலை." ஒருத்தன் அரிசியைக் கையில வச்சுக்கிட்டு, "எனக்குத் தெரியலை, அம்மாகிட்ட கேட்டுட்டு வர்றேன்"னு ஓரமாப் போய் அங்கேயே போன் போட்டான். நாங்க அத்தனை பேரும் காத்திருந்தோம். அவங்க அம்மா ஸ்பீக்கர்ல, "எதுக்குடா இப்ப கேக்குற?"ன்னு கத்தினது ரோடு வரைக்கும் கேட்டுது. பதில் வந்துச்சு. கிர்பி. லாபு பக்கம்.

அவங்க யாரும் தோட்டத்துல ஒரு ராத்திரி கூடத் தூங்கினதில்லை.

மூப்பர் வந்தாரான்னு கேக்காதீங்க, வரலை. மனைவி வந்தாங்க, டப்பர்வேர்ல பொங்கல் கட்டிட்டுப் போனாங்க. வேற ஒரு குடும்பம் அதுக்கப்புறம் எங்க சபைக்கு வர்றதே இல்லை, சிரம்பான்ல வேற சபைக்குப் போறாங்க. நல்ல மனுஷங்க, எனக்கு வருத்தம்தான். "ஒரு பானைக்காக ஒரு குடும்பத்தை இழந்தோமே"ன்னு பாஸ்டர்கிட்ட சில பேர் பேசியிருக்காங்க. அந்தப் பேச்சுல நியாயம் இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா பானை இல்லாத வருஷங்கள்ல ஆராதனையில உட்கார்ந்து போனை நோண்டிட்டு, எஸ்பிஎம் முடிஞ்சதும் காணாமப் போன பிள்ளைங்களை யாராவது எண்ணினோமா?

காணாமப் போறதுன்னு சொன்னதும் ஞாபகம் வருது. "இந்தக் காலத்துப் பிள்ளைங்க தமிழையே விட்டுட்டாங்க"ன்னு அங்கிள்மார் புலம்பல் ஒண்ணு உண்டு. எங்க சபையில திரையில பாட்டு வரிங்க ரூமி எழுத்துலதான், அதாவது ஆங்கில எழுத்துல, ஓடிக்கிட்டிருந்துச்சு. தேசியப் பள்ளியில படிச்ச பாதிப் பிள்ளைங்களுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. ரூமியில தமிழைப் பார்த்தா எனக்குப் பல்லு கூசும், ழ-வும் ள-வும் ல-வும் ஒண்ணாப் போயிடும். ஆனா அதை எடுத்துட்டா அவங்க வாயே திறக்க மாட்டாங்க. அதனால இப்போதைக்கு மேல தமிழ், கீழ ரூமின்னு ஒரு ஒப்பந்தம். (டைப் பண்றது நான்தான். ஊதியம்: ஒரு மைலோ ஐஸ்.)

ஆனா அதே பிள்ளைங்கதான் தமிழ்ல ராப் எழுதுறாங்க. யோகி பி நட்சத்திராவோட 'வல்லவன்' 2006-ல வந்தப்ப நாங்க அதைக் கேட்டு ஆடினோம், அவ்வளவுதான். இவங்க அந்தப் பாணியில கெட்ட குமாரன் கதையை எழுதி, பன்றித் தொழுவத்தை பாசார் மாலாம் (ராத்திரிச் சந்தை) பின் சந்துக்கு மாத்தி, டிக்டாக்ல போட்டிருக்காங்க. மகன் வீட்டுக்குத் திரும்பி வர்றது கடைசிக் கம்யூட்டர்ல. கேட்டுட்டு ஒரு அங்கிள் "இது வேதத்துல இல்லையே"ன்னாரு. கம்யூட்டர் வேதத்துல இல்லைதான்.

சரி, உறுமிக்கு வர்றேன்.

அந்த உறுமிக்காரத் தம்பிக்கு இருபத்தொண்ணு வயசு. வளைஞ்ச குச்சியைத் தோல் மேல இழுத்தான்னா அந்த 'ஊம்ம்' உங்க நெஞ்செலும்புல கேக்கும். கல்யாணம், பிறந்தநாள், கடைத் திறப்பு விழான்னு ஒரு குழுவோட வாசிக்கிறான். குழுவுல இவன் ஒருத்தன்தான் கிறிஸ்தவன். பொங்கல் அன்னிக்குப் பழைய கீர்த்தனை ஒண்ணுக்கு வாசிச்சான். முதல் சரணம் தாளம் சேரவே இல்லை, பாட்டு ஒரு பக்கம் போகுது, உறுமி ஒரு பக்கம் போகுது. நிறுத்தி, பாட்டை இன்னும் கொஞ்சம் விரைவாப் பாடச் சொன்னான். எண்பது வயசு பாட்டி ஒருத்தவங்க, "இதுதான்டா இந்தப் பாட்டோட வேகம், இவங்கதான் இழுத்துக் கெடுத்துட்டாங்க"ன்னாங்க.

அடுத்து வந்தது தைப்பூசம். குழுவுக்குக் காவடி எடுக்கிறவங்ககிட்டேருந்து அழைப்பு. வருஷத்துல நல்ல காசு வர்ற நாள் அதுதான். என்கிட்ட வந்தான். "அக்கா, போகவா வேணாமா?"

நான் 1704 கதையைச் சொன்னேன். அது தடைங்கிறதுக்காகச் சொல்லலை, இந்தக் கேள்வியோட முழிச்சவன் நீ முதல் ஆள் இல்லைடான்னு சொல்றதுக்காக. என் கருத்தையும் சொன்னேன்: கல்யாணத்துல வாசிக்கிறது ஒண்ணு, காவடிக்கு வாசிக்கிறது அந்த மனுஷனோட நேர்த்திக்கடன்ல பங்கெடுக்கிறது. உன்னால முழு மனசோட பங்கெடுக்க முடியலைன்னா, அரை மனசோட போய் அவரோட வேண்டுதலையும் கெடுக்காதே. அவனுக்கு இந்தப் பதில் பிடிச்சுதா தெரியலை, தலையை மட்டும் ஆட்டினான்.

தைப்பூசம் அன்னிக்கு அவன் போகலை. ஆனா குழுவுல இன்னொருத்தனோட உறுமி கிழிஞ்சு போச்சுன்னு, தன்னோடதைக் கொடுத்து விட்டிருக்கான். இது எப்படியோ வெளிய தெரிஞ்சு, ஆள் போகாம உறுமி மட்டும் போனா அது பாவமா இல்லையான்னு அங்கிள்மார் டயர் கடை வாசல்ல நின்னு பேசிக்கிட்டிருக்காங்க. தவுக்கே நாற்காலி எடுத்துப் போட்டிருக்காரு.

தூர்னோன் பட்டியல்ல வாத்தியக்காரனுக்குத் தடை இருக்கு. வாத்தியத்தை இரவல் கொடுக்கிறதுக்கு அதுல ஒரு வரியும் நான் பார்க்கலை. இதை அங்கிள்மார்கிட்ட சொல்லலாமா வேணாமா, நீங்களே சொல்லுங்க.